பார்க்கின்சன் நோயா, அதைப் போன்ற வேறொன்றா?

வயதான ஒருவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் வீட்டிலிருப்போர் அஞ்சுவது பார்க்கின்சன் நோயைத்தான். ஆனால் பெரியவர்களுக்கு வரும் கைநடுக்கத்துக்கு அதைவிடப் பரவலான காரணங்கள் உண்டு. மறுபுறம், கை சிறிதும் நடுங்காமலே இந்நோய்க்கு ஆளானவர்களும் உண்டு. ஆகவே, நடுக்கம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்பதால் பெரிய பயனில்லை. எந்த நிலையில் நடுங்குகிறது, உடலின் எந்தப் பக்கத்தில் தொடங்கியது, எந்த அறிகுறி முதலில் வந்தது, அடுத்தது எத்தனை ஆண்டு கழித்து வந்தது, அக்காலத்தில் என்னென்ன மாத்திரைகள் உட்கொள்ளப்பட்டன என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளே ஒரு நோயை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன.

லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இந்நோயைப் பற்றி எழுதிய சிறு நூலில் ஆறே பேரைத்தான் விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி, தொட்டுப் பரிசோதிக்கவில்லை. இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், இந்நோயைக் கண்டறியும் முறை அடிப்படையில் பெரிதாக மாறிவிடவில்லை என்பது வியப்புக்குரியது. நோயாளி நடப்பதையும் எழுதுவதையும் விரலை அசைப்பதையும் பார்த்து, வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டறியும் நரம்பியல் மருத்துவரின் கணிப்பையே இன்றும் நாம் பெரும்பாலும் நம்பியிருக்கிறோம்.

மூளைக்குள் நடப்பது இது. நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, உடல் அசைவுகளின் வேகத்தையும் அளவையும் சீராக்குகின்றன. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் செல்களுக்குள் திரண்டு படிகிறது. கருநிறப் பகுதியின் செல்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அழிகின்றன. அவற்றில் கணிசமான பங்கு அழிந்த பிறகுதான் அசைவில் மாற்றம் வெளியே தெரியவரும்.

அந்த மாற்றங்களில் தலையாயது மந்தம். பன்னாட்டு இயக்கக் கோளாறுகள் சங்கம் 2015இல் வெளியிட்ட வரையறையின்படி, அசைவில் மந்தம் கட்டாயம் இருக்க வேண்டும். அதனுடன் ஓய்வு நிலை நடுக்கமோ தசை விறைப்போ ஒன்றாவது சேர்ந்திருக்க வேண்டும். மந்தம் என்பது வெறுமனே மெதுவாகச் செய்வதன்று. மருத்துவர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக அகலவிரித்து வேகமாகத் தட்டச் சொல்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இந்நோய் உள்ளவரின் விரல்கள் முதல் சில தட்டுகளில் சரியாக விரியும்; பிறகு தட்டத் தட்ட இடைவெளி குறுகிக்கொண்டே வந்து, நடுவில் ஒருமுறை தயங்கி நின்று, மீண்டும் சிறு அசைவாகத் தொடரும். மூட்டுவலியாலோ முதுமையாலோ மெதுவாகத் தட்டுபவருக்கு வேகம் குறைவாக இருக்குமே தவிர, இப்படி அளவு படிப்படியாகச் சுருங்குவதில்லை. வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருந்த கையெழுத்து முடிவில் பொடியாகிவிடுவதும், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பதும், சட்டைப் பொத்தானைப் போட நெடுநேரம் ஆவதும், ஒரு காலின் செருப்பு மட்டும் அடிக்கடி நழுவுவதும் இந்த மந்தத்தின் அன்றாட வடிவங்கள். தொடக்கத்தில் ஒரு பக்கத் தோளில் இறுக்கமும் வலியும் தோன்றி, அதற்காக மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்துகொண்ட பின்னர் உண்மை தெரியவருவதும் அரிதன்று.

ஒரு பக்கம் என்பதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பார்க்கின்சன் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையிலோ காலிலோ தொடங்கி, சில ஆண்டுகளில் மறுபக்கத்துக்கும் பரவுகிறது. அப்போதும் முதலில் பாதிக்கப்பட்ட பக்கமே கூடுதலாகத் தளர்ந்திருக்கும். முதல் நாளிலிருந்தே இரு பக்கமும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருந்தால், வேறு காரணம் உண்டா என்று மருத்துவர் தேடத் தொடங்குவார்.

மிக அதிகமாகக் குழப்பம் ஏற்படுவது எசென்ஷியல் ட்ரெமர் என்ற நடுக்கக் கோளாறுடன்தான். இது பார்க்கின்சனைவிடப் பரவலாகக் காணப்படுவது. பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. இரண்டையும் பிரிக்க முதலில் கவனிக்க வேண்டியது, கை எப்போது நடுங்குகிறது என்பதை. மடியில் கையை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது விரல்கள் தாமாக அசைந்து, டம்ளரை எடுக்கக் கை நீட்டியதும் அந்த அசைவு அடங்கிவிட்டால் அது பார்க்கின்சனின் இயல்பு. மடியில் அமைதியாக இருந்த கை, காபி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது நடுங்கிச் சிந்தினால் அது பெரும்பாலும் எசென்ஷியல் ட்ரெமர். பார்க்கின்சன் நடுக்கம் நொடிக்கு 4 முதல் 6 முறை என்ற நிதானமான வேகத்தில், கட்டைவிரல் மற்ற விரல்கள்மேல் எதையோ உருட்டுவதாகத் தோன்றும் வகையில் இருக்கும். நடக்கும்போதும், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வரச் சொல்லி மனத்தை வேறுபக்கம் திருப்பும்போதும் அது மேலும் தெளிவாக வெளிப்படும்.

ஆயினும் இவ்விதி எல்லா நேரத்திலும் பொருந்திவிடுவதில்லை. பார்க்கின்சன் உள்ளவரும் கைகளை முன்னே நீட்டிப் பிடித்தால் நடுங்கக்கூடும். ஆனால் நீட்டியவுடன் கை அசையாமல் நின்று, சில நொடிகள் கழித்தே நடுக்கம் திரும்ப வரும். எசென்ஷியல் ட்ரெமரில் நீட்டிய கணமே நடுக்கம் தொடங்கிவிடும். நேரில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் இந்தச் சில நொடித் தாமதம், விலையுயர்ந்த ஸ்கேன் ஒன்றைத் தவிர்க்கவும் உதவக்கூடும். நடுங்கும் உறுப்பும் துப்புத் தரும். தலை ஆடுவதும் குரல் நடுங்குவதும் எசென்ஷியல் ட்ரெமரின் பக்கம் சாயும். தாடை, உதடு, கால் ஆகியவை ஓய்வில் நடுங்குவது பார்க்கின்சனின் பக்கம் சாயும். தாளில் சுருள்வட்டம் ஒன்றை வரையச் சொன்னால், முன்னதில் கோடு முழுக்க அலையலையாக இருக்கும். பின்னதில் வட்டங்கள் நெருங்கிச் சிறுத்துவிடும். சிறிதளவு மது அருந்தினால் எசென்ஷியல் ட்ரெமர் தற்காலிகமாகத் தணிவதுண்டு. மருத்துவர் அதைக் கேட்பது நோயைக் கணிப்பதற்காகவே. அதை ஒரு சிகிச்சையாக எடுத்துக்கொள்ளலாகாது. இதற்கு ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ப்ரோப்ரனலால் ஆகாது.

தைராய்டு மிகைச் சுரப்பு, ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனநலச் சிகிச்சையில் தரப்படும் லித்தியம் ஆகியவையும் கையை நடுங்கச் செய்யும். இவற்றில் தைராய்டை ஓர் எளிய இரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுத்துவிடும்.

மாத்திரைகளால் வரும் பார்க்கின்சன் தன்மையைச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில் இது நம்மிடையே பரவலாக இருந்தும் எளிதில் கவனத்துக்கு வராமல் போகிறது. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகள் டோபமின் செயல்படும் இடத்தை அடைத்துக்கொள்வதால், செல்கள் அழியாமலேயே மந்தமும் விறைப்பும் நடுக்கமும் தோன்றுகின்றன. மனநல மருந்துகளைப் பற்றி மக்கள் ஓரளவு அறிந்திருக்கிறார்கள். வாந்திக்குத் தரப்படும் மெட்டாக்ளோப்ரமைடு, தலைசுற்றலுக்கான ப்ரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின் ஆகியவையும் அதே வேலையைச் செய்யக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் வாயுத் தொல்லைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் எழுதப்படும் பல கேப்சூல்களில், அமிலத்தைக் குறைக்கும் மருந்துடன் லெவோசல்பிரைடு என்ற மருந்தும் சேர்ந்திருக்கிறது. ஒரு வாரத்துக்கென எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியோ, காலியான அட்டையைக் காட்டியோ மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கி விழுங்கும் முதியவருக்கு, மெல்ல மெல்ல நடை சுருங்கி முகம் உணர்ச்சியற்றுப் போவதை எல்லோரும் வயோதிகம் என்று நினைத்துவிடுகிறார்கள். மெட்டாக்ளோப்ரமைடை அதிகபட்சம் ஐந்து நாள் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் பரிந்துரைத்தது இத்தகைய நரம்புப் பாதிப்புகளைக் கருதித்தான்.

மாத்திரையால் வந்த பாதிப்பு பெரும்பாலும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில், சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குள் தோன்றும். காரணமான மருந்தை நிறுத்தினால் பலருக்கு அது மறைந்துவிடும். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். சிலருக்கு மட்டும் மறையாமல் தொடரும்; அவர்களிடம் பார்க்கின்சன் நோய் ஏற்கெனவே வெளித்தெரியாமல் இருந்து, மருந்து அதை முன்கூட்டியே வெளிப்படுத்தியது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. மனநல மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்தானது. எதை, எப்போது, எவ்வளவு குறைப்பது என்பதை எழுதித் தந்த மருத்துவரிடமே கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது பழைய ஸ்கேன் படங்களைவிட முதலில் எடுத்துச் செல்ல வேண்டியது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் போட்ட பையைத்தான். நிறுத்திவிட்ட மாத்திரைகளின் அட்டை கிடைத்தால் அவற்றையும் அதில் போடலாம்.

அடுத்து வருபவை, நரம்பியல் மருத்துவர்கள் பார்க்கின்சன் பிளஸ் என்று சேர்த்துச் சொல்லும் அரிய நோய்கள். தொடக்கத்தில் இவை பார்க்கின்சனைப் போலவே தோன்றும். ஆனால் விரைவாக முற்றும், மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படா. இங்கே துப்பாவது காலவரிசை. பார்க்கின்சன் நோயாளி நிலைதடுமாறி விழத் தொடங்குவது வழக்கமாகப் பல ஆண்டுகள் கழித்தே. முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே ஒருவர் திரும்பத் திரும்ப, அதுவும் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால், பி.எஸ்.பி. (ப்ரோக்ரெசிவ் சூப்பராநியூக்ளியர் பால்சி) என்று சுருக்கமாக அழைக்கப்படும் நோயை ஐயுற வேண்டும். கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி ஆகிய மூவரும் 1964இல் இதைத் தனி நோயாக விவரித்தனர். இதில் கண்ணை மேலும் கீழும் அசைப்பது கடினமாகிவிடுகிறது. இறங்கும் படி கண்ணில் படாது. தட்டிலிருக்கும் சோற்றைக் குனிந்து பார்க்க முடியாமல் சட்டைமேல் சிந்தும். கழுத்தும் முதுகும் கைகால்களைவிட அதிகமாக விறைத்திருக்கும். கண்கள் அகலத் திறந்து எப்போதும் திகைப்புடன் இருப்பதாகத் தோன்றும் முகத்தை ஒருமுறை பார்த்த மருத்துவர் அடுத்த முறை எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்.

எம்.எஸ்.ஏ. (மல்ட்டிபிள் சிஸ்டம் அட்ரஃபி) என்ற இன்னொரு நோயில் முன்னே நிற்பவை உடலின் தன்னியக்கச் செயல்கள். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் கண் இருண்டு மயக்கம் வருவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது அல்லது முழுமையாகக் கழிக்க முடியாமல் தேங்குவது, உறக்கத்தில் மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சொலி எழுவது ஆகியவை நோயின் தொடக்க ஆண்டுகளிலேயே கடுமையாகத் தோன்றினால் இதை நினைக்க வேண்டும். இரத்த அழுத்தத்தைப் படுத்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மறுபடியும் அளப்பது போதும்; மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிற்கும்போது அழுத்தம் வீழ்வதன் அறிகுறி. பார்க்கின்சனிலும் இவ்வீழ்ச்சி வருவதுண்டு. ஆனால் பெரும்பாலும் நோய் நெடுங்காலம் இருந்த பிறகு, மிதமாக வரும்.

லூயி பாடி டிமென்ஷியா என்ற நோயில் மறதியும் குழப்பமும் அசைவுக் கோளாறுக்கு முன்னரோ, அது தொடங்கிய ஓராண்டுக்குள்ளோ வந்துவிடும். அறையில் குழந்தைகள் நிற்கிறார்கள், பூனை போகிறது என்று இல்லாதவற்றைத் தெளிவாகக் கண்டு சொல்வார்கள். ஒரு நாள் நன்றாகப் பேசுபவர் மறுநாள் சுற்றம் மறந்திருப்பார். இவர்களுக்கு ஹாலோபெரிடால் போன்ற மருந்து கொடுத்தால் உடல் கடுமையாக விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், இந்நோயைச் சரியாக அறிவது சிகிச்சைக்கும் இன்றியமையாதது. ஒரு கை மட்டும் கட்டளைக்கு அடங்காமல் தானாக இயங்குவதும், தெரிந்த வேலையையே எப்படிச் செய்வது என்று கை மறந்துவிடுவதும் சி.பி.எஸ். (கார்ட்டிகோபேசல் சிண்ட்ரோம்) என்ற மிக அரிய நோயின் குறிகள்.

இடுப்புக்குக் கீழே மட்டும் பார்க்கின்சன் போலத் தோன்றுபவை இரண்டு. நெடுங்கால இரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் உள்ளவர்களுக்கு மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டு, கைகள் நன்றாக வீசிக்கொண்டிருக்க, நடை மட்டும் குறுகிக் குறுகித் தள்ளாடும். மற்றது, மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்குவதால் வருவது. கொலம்பியாவைச் சேர்ந்த சாலமோன் ஹக்கீமும் அமெரிக்கரான ரேமண்ட் ஆடம்ஸும் 1965இல் இதை உலகுக்கு அறிமுகப்படுத்தினர். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் எழும்பாத நடை, சிறுநீர் அடங்காமை, மறதி ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் இதைச் சோதித்துப் பார்க்கத் தவறக்கூடாது. முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லி நீரை எடுத்துவிட்டு மீண்டும் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். நடை தேறினால், நீரை வயிற்றுக்குத் திருப்பிவிடும் குழாயை அறுவை சிகிச்சை மூலம் பொருத்துவது பலருக்கு நல்ல பலன் தருகிறது.

நாற்பது வயதுக்குள் நடுக்கமோ விறைப்போ பேச்சுக் குழறலோ தொடங்கினால், முதலில் வில்சன் நோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கல்லீரலால் தாமிரத்தை வெளியேற்ற முடியாமல் அது மூளையிலும் கண்ணிலும் படியும் இந்நோய், தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணு வந்தால்தான் தோன்றும். எனவே மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இதற்கான வாய்ப்புக் கூடுதல். கருவிழி ஓரத்தில் படியும் பழுப்பு வளையத்தைக் கண் மருத்துவரின் கருவி காட்டும். இரத்தத்தில் தாமிரத்தைச் சுமக்கும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவும், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிர அளவும் உறுதிப்படுத்த உதவும். மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய் இது. ஆனால் தாமதித்தால் மூளையில் ஏற்பட்ட சேதம் முழுதும் மீளாமல் போகலாம். ஒருவருக்கு உறுதியானால் உடன்பிறந்தார் அனைவரையும் பரிசோதிக்க வேண்டும்.

நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வந்திருக்கக்கூடிய சில குறிகளையும் மருத்துவர் கேட்பார். சாம்பார் தாளிக்கும் வாசனையோ மல்லிகை வாசனையோ தெரியாமல் போனதா, கனவில் யாரையோ அடிப்பதாக நினைத்து உண்மையிலேயே கைகாலை வீசிப் பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்ததுண்டா, நாள்பட்ட மலச்சிக்கல் உண்டா என்ற கேள்விகளுக்கும் கை நடுக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். மோப்பம் குறைவது பார்க்கின்சனிலும் லூயி பாடி டிமென்ஷியாவிலும் பொதுவாகக் காணப்படுவது. எசென்ஷியல் ட்ரெமரிலும் பி.எஸ்.பி.யிலும் மோப்பம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கனவில் கைகால் வீசுவது சைனூக்ளின் புரதம் திரளும் நோய்களின் பக்கம் கைகாட்டும்.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் ஏமாற வேண்டியிருக்கும். பார்க்கின்சன் நோயில் வழக்கமான எம்.ஆர்.ஐ. இயல்பாகவே இருக்கும்; இரத்தக் குழாய் அடைப்பு, நீர்த் தேக்கம், கட்டி, பி.எஸ்.பி.யில் நடுமூளை மெலிவது போன்ற பிறவற்றைக் கண்டறியவே அது எடுக்கப்படுகிறது. டோபமின் நரம்பு முனைகளைக் காட்டும் தனி ஸ்கேன் ஒன்று உண்டு. எசென்ஷியல் ட்ரெமரிலும் மாத்திரையால் வந்த பாதிப்பிலும் அது இயல்பாகவும், பார்க்கின்சனில் குறைவாகவும் காட்டும். ஆனால் பி.எஸ்.பி.யிலும் எம்.எஸ்.ஏ.யிலும்கூட அது குறைவாகத்தான் காட்டும் என்பதால், இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க உதவாது.

மூளைக்குள் டோபமினாக மாறும் மருந்தான லெவோடோபா மாத்திரைக்குக் கிடைக்கும் பலனே இன்னொரு பெரிய சான்று. போதிய அளவில், போதிய காலம் கொடுத்தால் பார்க்கின்சன் நோயாளியின் மந்தமும் விறைப்பும் தெளிவாகக் குறையும். மற்றவற்றில் பலன் சொற்பம், அல்லது சில காலமே நீடிக்கும். குறைந்த அளவில் சில நாள் தின்றுவிட்டுப் பலனில்லை என்று முடிவுகட்டக்கூடாது. பூனைக்காலி என்ற மூலிகையின் விதையில் லெவோடோபா இருப்பது உண்மைதான். சென்னையில் தாமோதரன், ராமசாமி ஆகிய இருவரும் அதை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937இல் ஆய்விதழில் வெளியிட்டனர். அதனால் நோய் இன்னதென்று தெரியுமுன்பே பூனைக்காலிப் பொடியைத் தின்னத் தொடங்கிவிட்டால், மருந்தின் அளவும் தெரியாது, மருத்துவரின் கணிப்பும் குழம்பும்.

இவ்வளவுக்குப் பிறகும் கணிப்பு தவறக்கூடும். பார்க்கின்சன் நோய் என்று உயிருடன் இருந்தபோது கணிக்கப்பட்ட 100 பேரின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்து பிரிட்டனில் 1992இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், 76 பேருக்கே அந்நோய் உறுதியானது. வரையறைகள் அதன்பின் கூர்மையடைந்திருக்கின்றன என்றாலும், தொடக்க நிலையில் ஐயம் எஞ்சுவது இயல்பே. ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கலாம் என்று சொல்லும் மருத்துவரை உறுதியில்லாதவர் என்று எண்ணி வேறிடம் ஓட வேண்டியதில்லை. விழுதல் எப்போது வந்தது, மாத்திரை எவ்வளவு வேலை செய்தது என்பவை அந்த இடைவெளியில்தான் தெரியவரும். அதற்குள் வீட்டார் செய்யக்கூடியது, கைப்பேசியில் அவ்வப்போது படம்பிடித்து வைப்பது. மடியில் கை ஓய்ந்திருக்கும் ஒரு நிமிடம், டம்ளரை எடுத்துக் குடிப்பது, நாற்காலியிலிருந்து எழுந்து சில அடி நடந்து திரும்பி வந்து அமர்வது ஆகிய மூன்றும் போதும்; ஒவ்வொரு பதிவுக்கும் கடைசி மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்பதைக் குறித்துவைக்க வேண்டும். ஏனெனில் மருத்துவரின் அறையில் பதற்றத்தால் எந்த நடுக்கமும் கூடித் தெரியும். மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும் நேரமாக இருந்தால், காலையில் கட்டிலைவிட்டு எழவே முடியாதவரின் மந்தம் அங்கே கண்ணில் படாமலும் போகும்.